மாவுக்கட்டும் தெல்மா ரிட்டரும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. குளியலறையில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு கிடக்கிறேன். திட்டாதே, வீட்டில் போதுமான அளவு வாங்கியாயிற்று.

என் நிலைமையைப் பார்த்த மகன் கிண்டலாக ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' படத்தைப் போட்டுவிட்டான். அதில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் காலில் கட்டோடுதானே உட்கார்ந்திருப்பார்! இந்த முறை நான் கதாநாயகி கிரேஸ் கெல்லியைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. முதுகு பிடித்துவிட வரும் நர்ஸ் ஸ்டெல்லாவிடமே கண் போனது. வாய் பாட்டுக்குப் பேசும், கை பாட்டுக்கு வேலை செய்யும். அந்த வேடத்தில் நடித்தவர் தெல்மா ரிட்டர்.

1902இல் புரூக்ளினில் பிறந்தவர். நாடகம், ரேடியோ என்று இருந்துவிட்டு 1947இல்தான் முதல் படம், 'மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்'. பொம்மை தேடிக் களைத்துப்போன ஒரு தாயாகச் சில நிமிடங்கள் வருவார். டைட்டிலில் பெயர்கூடக் கிடையாது. அப்புறம் பார், துணை நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை மட்டும் ஆறு முறை. ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை. வேடிக்கை என்னவென்றால், 1955 ஆஸ்கர் விழா ஹாலிவுட்டிலும் நியூயார்க்கிலும் ஒரே நேரத்தில் நடந்தது, அதில் நியூயார்க் மேடையை நடத்தியதே அவர்தான்.

எனக்கு அவர் என்றால் 1953இல் சாமுவேல் ஃபுல்லர் எடுத்த 'பிக்கப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்'தான். கழுத்து டை விற்கும் கிழவி மோ. போலீசுக்குத் துப்புக் கொடுத்துக் காசு சேர்க்கிறாள். எதற்கு? அநாதைப் பிணமாகப் புதைத்துவிடக் கூடாது, நல்ல இடத்தில் அடக்கம் வேண்டும் என்பதற்கு. என் அப்பாயி சுருக்குப்பையில் தன் காரியத்துக்கென்று தனியாக முடிந்து வைத்திருந்தாளே, அது ஞாபகம் வந்துவிட்டது. கடைசியில் துப்பாக்கியோடு ஒருவன் அறைக்குள் வந்து நிற்கிறான். அவள் பயப்படவில்லை, கெஞ்சவில்லை. உடம்பு ஓய்ந்துவிட்டது என்கிறாள், அவ்வளவுதான். கிராமபோன் பாடிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சோர்வை எங்கிருந்து கொண்டுவந்தாரோ, நடிப்பு மாதிரியே இல்லை. அந்த ஆண்டும் பரிசு வேறொருவருக்கு! எனக்கு இன்னும் ஆறவில்லை.

கட்டுப் பிரிக்க இன்னும் இரண்டு வாரம் ஆகும். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வா, சேர்ந்து பார்ப்போம். இங்கே என் காலைப் பிடித்துவிடும் ஸ்டெல்லாவும் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
மூர்த்தி