செய்து கொடுக்காதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஆசாரி ஐயா, தலைமையாசிரியர் அம்மா, ஆசிரியப் பெருமக்களே, பக்கத்து வகுப்பு நண்பர்களே, மரமும் கருவியும் தந்து உதவிய பெரியோர்களே,

அனைவருக்கும் வணக்கம்.

நூலகத்தில் சிறு பிள்ளைகள் உட்கார்ந்து படிப்பதற்கான தாழ்ந்த பெஞ்சுகளும் அவர்கள் கைக்கு எட்டும் புத்தக அலமாரியும் தயாராகிவிட்டன. பதினோராம் வகுப்பு மரவேலைக் குழுவின் சார்பில் நன்றி எழுதும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று காரணம் சொன்னார்கள். கடைசியில் தட்டச்சு செய்துதான் பலகையில் ஒட்டப்போகிறார்களாம்!

நன்றி மடல் என்றால் இவர் இதைச் செய்து கொடுத்தார், அவர் அதைச் செய்து கொடுத்தார் என்று வரிசையாக எழுதுவது வழக்கம். எங்களால் அப்படி எழுத முடியாது. நாங்கள் நாள் முழுக்க மல்லுக்கட்டிய வேலையை அரை மணியில் முடித்துவிடக்கூடியவர்கள் எங்களைச் சுற்றியே இருந்தார்கள். ஒருவரும் முடித்துத் தரவில்லை. அதற்குத்தான் இந்த மடல்.

தலைமையாசிரியர் அம்மாவிடமிருந்து தொடங்குகிறேன். வேலை பாதியில் நின்றிருந்த சமயம், மாணவர் ஒருவரின் தந்தை ஆயத்த பெஞ்சுகளை வாங்கித் தருவதாக முன்வந்தார். நல்ல மனிதர், நல்ல எண்ணம். எங்களில் சிலருக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சிதான். அம்மா அவருக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்து, "பெஞ்சு வேண்டாம், பிள்ளைகளுக்கு கிளாம்ப் போதவில்லை, அதைத் தர முடியுமா?" என்று கேட்டார். மறுநாளே கிளாம்புகள் வந்தன. பசை போட்ட பொருத்து இறுகும்வரை அசையாமல் பிடித்துக்கொள்ள எங்களிடம் கிளாம்பை விட்டால் வேறு வழி இல்லை. அரை மணி, ஒரு மணி பிடித்திருந்தால் கழற்றிவிடலாம் என்றாலும், முழு வலு வர ஒரு நாள் ஆகும். கிளாம்ப் குறைவாக இருந்தபோது ஒரு சட்டகம் காயும்வரை அடுத்ததைத் தொட முடியாமல் கைகட்டி நின்றோம். அந்தத் தந்தைக்கு எங்கள் தனி நன்றி. பெஞ்சு வாங்கித் தந்திருந்தால் அவர் பெயரைக் கல்வெட்டில் போட்டிருப்பார்களோ என்னவோ, எங்களுக்கு அவர் நினைவில் இருந்திருக்க மாட்டார்.

மரம் தந்த குடும்பத்தார் பழைய வீட்டை இடித்தபோது கழற்றிய கதவு நிலைகளையும் சட்டங்களையும் அப்படியே அனுப்பி வைத்தார்கள். பார்க்கக் கறுத்துப்போய், சுண்ணாம்பு படிந்து, அடுப்புக்குத்தான் லாயக்கு என்பது போலக் கிடந்தன. ஆசாரி ஐயா ஒரு சட்டத்தின் முனையை விரல் அளவு அறுத்துக் காட்டினார். உள்ளே தேன் நிறத்தில் வைரம் பாய்ந்த கட்டை. பச்சை மரம் என்றால் ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஓர் ஆண்டு நிழலில் காயவிட வேண்டும் என்பது மரவேலைக்காரர்களின் பொதுக் கணக்கு. காயாத மரத்தில் பெஞ்சு செய்தால் அது காயும்போது வளையும், முறுக்கும், பொருத்து விட்டுப்போகும். எங்களுக்கு வந்த மரமோ ஒரு தலைமுறையாகக் காய்ந்தது.

ஆனால் பழைய மரத்துக்குள் ஆணி ஒளிந்திருக்கும். தலை முறிந்து, சுண்ணாம்புக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும். ரம்பம் அதன்மேல் ஏறினால் பல் போயிற்று. இயற்பியல் ஆசிரியரிடம் போய்ச் சொன்னோம். அவர் அலமாரியைத் திறந்து ஒரு காந்தத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, விடைத்தாள் திருத்தப் போய்விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. காந்தத்தை நூலில் கட்டிச் சட்டத்தின்மேல் மெதுவாக நகர்த்தினால், ஆணி இருக்கும் இடத்தில் நூல் சாய்கிறது. அந்த இடத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, குறடு வைத்துப் பிடுங்கினோம். பிடுங்கிய ஆணிகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. ஐயா, காந்தம் உங்கள் அலமாரியிலேயே திரும்ப இருக்கிறது. நூலை மட்டும் அவிழ்க்க முடியவில்லை.

இனி ஆசாரி ஐயா. அவரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் மடல் நீண்டுவிடும், நீளட்டும்.

எங்களுக்குச் சொல்லித்தரும்போது அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். முதலில் அதை ஒரு தோரணை என்று நினைத்தோம். பிறகுதான் புரிந்தது, கை முன்னால் இருந்தால் உளியை எங்களிடமிருந்து தானே வாங்கிவிடக்கூடும் என்று அவருக்கே பயம். நாற்பது வருடம் வேலை பார்த்த கை சும்மா இருக்குமா? நாங்கள் ரம்பத்தை இழுக்கும் கோணலைப் பார்த்து அவருடைய தோள் தானாகத் துடிப்பதை நான் கண்டிருக்கிறேன். ஆனாலும் கை முன்னால் வராது.

முதல் பாடம் கோடு போடுவது. பென்சில் கோட்டுக்கும் ஒரு கனம் உண்டு என்பதால், பொருத்து வரும் இடங்களில் கத்தி முனையால் கீறச் சொன்னார். அடுத்தது அறுப்பது. ரம்பத்தின் பற்கள் ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சற்றே வளைக்கப்பட்டிருக்கும். அதனால் அறுத்த தடம் தகட்டின் கனத்தைவிட அகலமாக இருக்கும். தகடு மரத்தில் சிக்காது. அந்தத் தடம் கோட்டின் எந்தப் பக்கம் விழ வேண்டும்? கழிவுப் பக்கம். "கோடு நமக்கு, தூள் அதற்கு" என்பார். குழுவில் இன்றும் யாராவது எதையாவது விட்டுக்கொடுக்க மறுத்தால் இந்த வாக்கியம்தான் வருகிறது.

பெஞ்சின் காலில் செவ்வகத் துளை, குறுக்குச் சட்டத்தின் முனையில் அதற்குள் நுழையும் நாக்கு. ஆணி இல்லாமல் காலையும் சட்டத்தையும் பிடித்து வைப்பது இந்தப் பொருத்துதான். சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு நாக்குக்கு. துளையின் அகலமும் உளியின் அகலமும் ஒன்றாக இருந்தால் வேலை பாதி முடிந்தது. துளை மறுபக்கம்வரை போக வேண்டுமானால் இரண்டு பக்கமும் கோடு போட்டு, இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று கொத்த வேண்டும். ஒரே பக்கத்திலிருந்து போனால் கடைசிக் கொத்தில் மறுபக்கம் சிதைந்துவிடும். இவ்வளவும் சொல்லால் கற்றது. நாக்கு துளைக்குள் எவ்வளவு இறுக்கமாகப் போக வேண்டும் என்பதைச் சொல்லால் கற்க முடியவில்லை. "கையால் அழுத்தினால் போக வேண்டும், காலைத் தூக்கினால் சட்டம் கழன்று விழக்கூடாது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். கொட்டாப்புளியால், அதாவது மரச் சுத்தியலால், அடித்தால்தான் போகும் என்றால் கால் பிளந்துகொள்ளும். தானாக வழுக்கிக்கொண்டு போனால் பசை மட்டும்தான் பிடிக்கும். இடையில் இருக்கும் அந்த அளவைக் கண்டுபிடிக்க, நாக்கின் பக்கவாட்டில் உளியைப் படுக்கவைத்து, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவல் எடுத்து, பொருத்திப் பார்த்து, மறுபடி சீவல் எடுத்து... முதன்முதலில் அது 'ச்சுக்' என்ற சிறு ஒலியுடன் உள்ளே போய் உட்கார்ந்தபோது கைதட்டியது நாங்கள் அல்ல, சன்னலுக்கு வெளியே நின்ற பத்தாம் வகுப்பு.

எனக்கு இடக்கைப் பழக்கம். இதுவரை கத்தரிக்கோலும் சாய்வு மேசை நாற்காலியும்தான் என்னோடு சண்டை போட்டன. மரவேலை அறையில் எல்லாமே சண்டைக்கு வந்தன. அறுக்கும்போது பலகையைத் தாங்கிப் பிடிக்கும் தடுப்புக் கட்டை வலப்பக்கம் குட்டையாக இருக்கும், வலக்கைக்காரர்களின் ரம்பம் அந்த வழியே இறங்குவதற்காக. நான் அறுத்தால் ரம்பம் எதிர்ப்பக்கத்தில் கட்டையையே அறுக்கும். "கையை மாற்றிக்கொள்" என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். பலர் சொல்லியிருக்கிறார்கள். ஆசாரி ஐயா அந்தக் கட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு துண்டுப் பலகையை என்னிடம் நீட்டி, "உனக்கு ஒன்று செய்துகொள், இடப்பக்கம் குட்டையாக" என்றார். என் முதல் மரவேலை அதுதான். பெஞ்சுக் கணக்கில் அது வராது. ஐயா, உங்களுக்கு நான் தனியாகச் சொல்ல வேண்டிய நன்றி இதற்குத்தான்.

இன்னொன்றும் உண்டு. குழு வேலை என்றால் யாருக்கு எது நன்றாக வருகிறதோ அவர்களே அதைச் செய்துகொண்டிருப்பார்கள். எங்களிலும் ஒருவன் நூல் பிடித்தாற்போல அறுப்பான். அறுப்பதை எல்லாம் அவனிடம் தள்ளிவிடலாம் என்று நாங்கள் தீர்மானித்த அன்றே ஆசாரி ஐயா அவனை உப்புத்தாள் தேய்க்க அனுப்பிவிட்டார். முதலில் சொரசொரப்பான 80-ஆம் எண் தாள், பிறகு 120, பிறகு மென்மையான 220, எப்போதும் மரத்தின் இழை ஓடும் திசையில். அவன் முகம் தொங்கிப்போயிற்று. ஆனால் எல்லோர் கையிலும் எல்லாக் கருவியும் ஏறியது அந்த முடிவால்தான். வேலை தாமதமானதும் அதனால்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

நூலகர் அக்கா ஒரு தடித்த புத்தகத்தைத் தேடி எடுத்து வைத்திருந்தார். பின்லாந்தில் ஊனோ சிக்னேயஸ் என்பவரின் முயற்சியால் 1866-இலேயே பொதுமக்கள் பள்ளிகளில் கைவேலை பாடமாயிற்று என்றும், பிறகு ஸ்வீடனில் ஓட்டோ சாலமன் ஆசிரியர்களுக்கே மரவேலை கற்பித்தார் என்றும் அதில் படித்தேன். எளிய பொருளில் தொடங்கி, வீட்டில் உண்மையிலேயே பயன்படும் ஒன்றைச் செய்ய வைப்பது அவர்கள் வழி. 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியிலும் கைத்தொழில்தான் நடுவில் இருந்தது. இதையெல்லாம் ஆர்வமாகப் போய் ஆசாரி ஐயாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நல்லது. அந்த உளியைத் தீட்டினாயா?" என்றார்.

கணித ஆசிரியர் ஒரே ஒரு நாள் வந்தார். பசை போட்ட சட்டகம் நேராக இருக்கிறதா என்று மூலைமட்டத்தை ஒவ்வொரு மூலையாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். "மட்டம் இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்காமல் போனார். எதிர்ப்பக்கங்கள் சமமாக இருக்கும்போது மூலைவிட்டங்களும் சமமாக இருந்தால் அது செவ்வகம். ஒன்பதாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்காக நிறுவிய தேற்றம். அன்று ஒரு கயிற்றால் இரு மூலைவிட்டங்களையும் அளந்து, நீளமான மூலைவிட்டத்தின் திசையில் கிளாம்பை இறுக்கிச் சரிசெய்தோம். பசை இறுகும் முன் கண்டதால் பிழைத்தது.

பெஞ்சு ஆடாமல் நிற்க வேண்டும் அல்லவா? நான்கு கால் வைத்த எதுவும் முதலில் ஆடும் என்று ஆசாரி ஐயா முன்கூட்டியே சொல்லியிருந்தார். தரை மட்டமாக இல்லாத அறையில் எந்தக் கால் குட்டை என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஆய்வுக்கூட உதவியாளர் அண்ணன் சோதனைக் குழாய்களை எல்லாம் ஒதுக்கி, கல் மேசையை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். பெஞ்சை அதன்மேல் ஏற்றி, குட்டைக் கால்களுக்கு அடியில் மெல்லிய ஆப்பு செருகி, உட்காரும் பலகையின் நான்கு மூலையும் மேசையிலிருந்து ஒரே உயரத்துக்கு வரும்வரை சரிபார்த்தோம். பிறகு ஒரு சிறு கட்டைமேல் பென்சிலைப் படுக்கவைத்து, கட்டையை மேசைமேல் நகர்த்தியபடியே ஒவ்வொரு காலையும் சுற்றிக் கோடு இழுத்தோம். அந்தக் கோட்டில் அறுத்ததும் நான்கு கால்களும் ஒரே தளத்துக்கு வந்துவிட்டன. உயரத்தில் அந்தத் துளி குறைந்ததைப் பற்றி ஒன்றாம் வகுப்பினர் யாரும் புகார் தரவில்லை. ஆசாரி ஐயா பெஞ்சின் ஒரு மூலையை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் போய்விட்டார். அவர் எதுவும் சொல்லவில்லை என்றால் என்ன பொருள் என்பது அதற்குள் எங்களுக்குத் தெரிந்திருந்தது.

அறையைத் துப்புரவு செய்யும் அம்மாவுக்கு நன்றி சொல்லாவிட்டால் அடுத்த வாரம் எங்களை உள்ளே விடமாட்டார். முதல் நாளே துடைப்பத்தை எங்கள் கையில் கொடுத்து, "சீவல் ஒரு சாக்கு, தூள் ஒரு சாக்கு, ஆணி ஒரு டப்பா, கலந்தால் நான் பேசமாட்டேன்" என்று சொன்னவர். சுத்தியல் சத்தத்துக்கு நடுவே தேர்வுக்குப் படித்த பக்கத்து வகுப்புக்கும், அவர்களுக்குப் பாடம் எடுத்து முடிக்கக் குரலை உயர்த்திய ஆசிரியர்களுக்கும் நன்றி, கூடவே மன்னிப்பும். முதலுதவிப் பெட்டியோடு வாசலில் உட்கார்ந்திருந்த உடற்கல்வி ஆசிரியருக்கு வேலையே வரவில்லை; உளியின் முனைக்கு முன்னால் கை வரக்கூடாது என்று அவரும் சேர்ந்து கத்திக்கொண்டிருந்தது ஒரு காரணமாக இருக்கலாம்.

"இதற்கு எத்தனை மதிப்பெண்?" என்று கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு நன்றி இல்லை, ஆனால் பெஞ்சில் அவர்களும் உட்காரலாம்.

பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு: உட்காரும் பலகைக்கு அடியில் திருகாணித் துளைகள் நீள்வட்டமாக இருப்பதைப் பார்த்து யாரும் பழுது என்று நினைக்க வேண்டாம். பலகை ஈரக்காற்றில் அகலவாட்டில் விரியும், வறண்ட காலத்தில் சுருங்கும். நீளவாட்டில் அநேகமாக மாறாது. அது நகர இடம் விட்டிருக்கிறோம். இடம் இல்லாவிட்டால் பலகை வெடிக்கும்.

கடைசியாக, இரவல் வாங்கியவை பற்றி. கருவிகள் எல்லாம் துடைத்து, எண்ணெய் பூசி, உளிகள் தீட்டி, மரவேலை அறையின் இடப்பக்க அலமாரியில் இருக்கின்றன. மாலை நான்கு மணிக்குமேல் வந்து பெற்றுக்கொள்ளலாம். பிடியில் சிவப்புச் சாயம் பூசிய இழைப்புளி ஒன்று யாருடையது என்று தெரியவில்லை. உரியவர் வந்தால் கொடுத்துவிடுவோம். வராவிட்டால் அடுத்து நூலகத்துக்கு ஏணி செய்யப்போகும் பத்தாம் வகுப்புக் குழு அதன்மேல் ஏற்கெனவே கண் வைத்திருக்கிறது.

இப்படிக்கு,
மரவேலைக் குழுவின் சார்பில்,
இடக்கைத் தடுப்புக் கட்டையின் சொந்தக்காரி,
பதினோராம் வகுப்பு