லெஸ்டரிலிருந்து அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும்,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். நாங்கள் சுகம். அம்மாவின் முட்டுவலி எப்படி இருக்கிறது? இங்கே இங்கிலாந்தில் இப்போது சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. குளிர் பழகிவிட்டது, இந்த இருட்டுதான் இன்னும் பழகவில்லை.

அங்கே என்ன வேலை என்று போனில் கேட்டீர்கள், சொல்லி முடிப்பதற்குள் லைன் போய்விட்டது. சர்ச், மசூதி, குருத்வாரா, கோயில் என்று பலரும் இங்கே தொண்டு நிறுவனம் நடத்துகிறார்கள். அங்கெல்லாம் ஆள் எடுப்பது, லீவு, சம்பளம், புகார் இவற்றைப் பார்ப்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் என் வேலை. வருகிறவர்களில் பலர் எச்.ஆர். படித்தவர்கள் இல்லை. நேற்றுவரை கணக்கு எழுதியவரையோ ஓய்வுநாள் பள்ளி நடத்தியவரையோ கூப்பிட்டு, “ஆட்களையும் நீயே பார்த்துக்கொள்” என்று சொல்லியிருப்பார்கள்.

போன வாரம் ஒரு விளம்பரத்தை வகுப்பில் கொடுத்தேன். முதியோர் இல்லத்துக்குச் சமையல் ஆள் தேவை, கிறிஸ்தவராக இருக்க வேண்டும். இப்படிக் கேட்கலாமா? 2010-ஆம் வருடத்துச் சமத்துவச் சட்டப்படி, ஜெபம் நடத்த வருகிற போதகரிடம் (சாப்ளின்) கேட்கலாம். அந்த வேலைக்கே விசுவாசம் தேவைப்படுகிறது. சோறு பொங்குகிறவரிடம் கேட்க அப்படி ஒரு காரணம் காட்ட முடியாது. சர்ச்சிலிருந்து வந்த ஒரு அம்மா விடவில்லை, “எங்கள் சமையலறையிலும் ஜெபம் உண்டே” என்றார். பக்கத்தில் இருந்த குருத்வாராப் பெரியவர் மெதுவாகச் சொன்னார்: “எங்கள் பொதுச் சமையலறையான லங்கரில் மாவு பிசைய யார் வந்தாலும் சேர்த்துக்கொள்வோம். தலையை மூடி, கை கழுவினால் போதும்.” அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அந்த வரியை அடித்துவிட்டு, “எங்கள் இல்லத்தின் நம்பிக்கையை மதிக்கிறவர்” என்று எழுதினார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

2020 ஏப்ரல் முதல் இங்கே வேலைக்குச் சேரும் அன்றே சம்பளம், நேரம், லீவு எல்லாம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வருகிறவர் பாஸ்டர் மகனாகவே இருந்தாலும் குற்றப் பின்னணி பார்க்காமல் விடமாட்டார்கள்.

இதைச் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் எனக்குச் சித்தி ஞாபகம்தான். ஒரு பள்ளி விடுதியில் காலமெல்லாம் அடுப்படியில் நின்றார்கள். அனுப்பும்போது பொன்னாடை போட்டார்கள், ஒரு வேதாகமம் கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். பணிக்கொடை (கிராஜுவிட்டி) என்று யாரும் வாய் திறக்கவில்லை. நம் நாட்டில் 1972-லேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. 5 வருடம் வேலை பார்த்தவருக்கு வருடத்துக்கு 15 நாள் சம்பளம் சேர வேண்டும். ஆண்டவர் வேலைக்குக் கணக்கு பார்க்கவா என்று நினைத்துச் சித்தியும் கேட்கவில்லை. ஆண்டவர் பேரைச் சொல்லி ஏழையின் பணத்தை நிறுத்துவது எனக்கு இன்றும் ஆறவில்லை, அண்ணே. அந்த ஆபீசில் இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. சட்டம் என்ன சொல்கிறது என்று அவர்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

மிஷனரி ரேனியஸ் ஐயர் 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்து, 1830-ல் தர்ம சங்கம் தொடங்கிய ஊர் நம்முடையது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, விடுதி என்று இத்தனை தலைமுறையாக நடத்துகிறோம். வேலை பார்ப்பவர்களை நடத்துவதிலும் நாம் முன்னால் நிற்க வேண்டாமா?

இப்போது நீங்கள் நம்ம ஊர் இல்லத்தின் செயலாளர். கிறிஸ்துமஸ் கழிந்து கமிட்டி கூடும்போது இதை எடுத்துப் பேசுங்கள். ஆபீசில் இருக்கும் அந்தப் பெண்ணை நல்ல பயிற்சிக்கு அனுப்புங்கள். சமையல் அக்கா, வாட்ச்மேன் எல்லாருக்கும் தனித்தனி ஃபைல், அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் வேண்டும். 10 பேருக்கு மேல் இருக்கிறீர்கள், ஆகவே 2013-ல் வந்த பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி பெண்கள் புகார் கொடுக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும்; தலைவி ஒரு பெண், வெளியாள் ஒருவர். யாரிடம் போய்ச் சொல்வது என்று ஆயாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். நம்ம சபைப் பையன் என்பதற்காக மட்டும் யாரையும் எடுக்காதீர்கள்.

நான் வகுப்பில் கொடுக்கும் பயிற்சித் தாள்களைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் அனுப்புகிறேன், மதினி பார்த்துத் திருத்தட்டும். சித்தி எந்த வருடம் வேலைக்குச் சேர்ந்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பழைய சம்பளச் சீட்டு ஏதாவது பெட்டியில் கிடந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை