லெம்பிட்டு மன்னர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எஸ்தோனியாவின் தாலின் கடல்சார் அருங்காட்சியகம் பற்றிய பயணக் கட்டுரை அருமை. ஆனால் அங்குள்ள 'லெம்பிட்' நீர்மூழ்கிக் கப்பலுக்கு 'பழைய எஸ்தோனிய மன்னரின் பெயர்' என்று போகிற போக்கில் எழுதிவிட்டார் கட்டுரையாளர். அக்கால எஸ்தோனியர்களுக்கு மன்னரே கிடையாது. அந்தப் பெயருக்குரிய லெம்பிட்டு, சக்காலா வட்டாரத்து மூப்பர்களில் ஒருவர். ஜெர்மானியச் சிலுவைப் போர்வீரர்களை எதிர்க்கப் பல வட்டாரங்களிலிருந்தும் சுமார் 6,000 பேரைத் திரட்டியவர், 1217 செப்டம்பர் 21 அன்று வில்யாண்டி அருகே போரில் மடிந்தார். அவரைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம், எதிர்த்தரப்புப் பாதிரியார் ஹென்றி லத்தீனில் எழுதிவைத்ததுதான். எதிரியின் ஏட்டில் இடம்பிடிக்க மகுடம் தேவைப்படவில்லை!

கப்பலின் கதையையும் இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம். இரண்டு போர்க்கப்பல்களை 1933இல் பெரு நாட்டுக்கு விற்று, மக்களிடம் நன்கொடையும் திரட்டி, இங்கிலாந்தின் பாரோ துறைமுகத்தில் கட்டுவித்தார்கள். 1936இல் நீரில் இறக்கப்பட்டது. 1940இல் நாட்டையே விழுங்கிய சோவியத் அரசு கப்பலையும் எடுத்துக்கொண்டது, போர்க்காலத்தில் பெயரை மட்டும் மாற்றவில்லை. அந்நியரை எதிர்த்து மடிந்தவரின் பெயரோடு அந்நியர் கடற்படையில் போரிட்டு, விருதும் வாங்கியது அந்தக் கப்பல். 2011இல்தான் கரையேற்றினார்கள்.

மன்னர் பெயர் என்றதும் ஏதோ பட்டப்பெயர் என்று வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது. லெம்பிட் என்பது அங்கே வீட்டுப் பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர். சதுரங்கம் பார்ப்பவர்களுக்கு லெம்பிட் ஓல் நினைவிருக்கும். 1999இல் 33 வயதிலேயே மறைந்த கிராண்ட்மாஸ்டர். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் 1997 முதல் 2010 வரை இருந்த லெம்பிட் ஓபிக், வட அயர்லாந்தில் எஸ்தோனியப் பெற்றோருக்குப் பிறந்தவர். விண்கற்கள் பூமியில் மோதும் ஆபத்தைப் பற்றி அவையில் விடாமல் பேசி, பலரின் கேலிக்கும் ஆளானார். அவருடைய தாத்தா எர்ன்ஸ்ட் ஓபிக் பெயர்பெற்ற வானியலாளர் என்பது தெரிந்தால் அந்தப் பேச்சு விளங்கும். அப்புறம் நடிகர் லெம்பிட் உல்ப்சாக். ஜார்ஜியாவில் நடந்த அப்காசியப் போருக்கு நடுவே, ஆரஞ்சுப் பெட்டி செய்யும் கிழவர் இரு தரப்பிலும் காயம்பட்டவர்களைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் 'டேஞ்சரின்ஸ்' படம், ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. அந்தக் கிழவர் இவர்தான்.

கட்டுரையை நூலாக்கும் எண்ணம் இருந்தால், 'மன்னர்' என்பதை 'மூப்பர்' என்று திருத்திவிடுங்கள்.

— ஒரு வாசகர், கும்பகோணம்