‘ஸ்டார் வார்ஸ்’ தாத்தா மட்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம். ஞாயிறு இணைப்புல பழைய ஆங்கில நடிகர்கள் கட்டுரை படிச்சேன், அலெக் கின்னஸை ‘ஸ்டார் வார்ஸ்’ல வந்த பெரியவர்னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க, மனசு கேக்கல சார். அந்தப் படம் 1977ல வந்தது, மனுஷன் 1938லயே லண்டன் ஓல்ட் விக் மேடையில ஹாம்லெட்டா நின்னவரு, அப்புறம் இலங்கையில எடுத்த குவாய் நதிப் பாலம் படத்துக்கு ஆஸ்கர், 1964ல நியூயார்க் பிராட்வே நாடகத்துக்கு, அமெரிக்க நாடக உலகத்தோட பெரிய விருதான டோனி விருது வேற. 1949ல வந்த ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கோரனெட்ஸ்’ல அவருக்கு எட்டு வேஷம், முதல்தடவை டிவிடில பார்த்தப்போ நான் நாலைத்தான் கண்டுபிடிச்சேன், அதுல வர்ற லேடி அகதாங்கிற பொம்பள வேஷமும் அவர்தான்னு பேரன் சொல்லித்தான் தெரியும்! மேடையில பழகுன உடம்புக்குத்தான் இதெல்லாம் வரும். அடுத்த வாட்டி இவங்க நாடக வாழ்க்கைக்கும் அரைப்பக்கம் ஒதுக்குங்க.

- ஒரு பழைய வாசகர், மதுரை