மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. பீன்ஸ் எல்லாம் வேகவைத்துப் பாட்டிலில் அடைத்தாகிவிட்டது, உன் பங்கு தனியாக இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடு.

நம் பூர்வீகம் தெரிய நீ கொடுத்த டிஎன்ஏ சோதனையின் முடிவு வந்துவிட்டதாக உன் அண்ணன் சொன்னான். அப்புறம் நீ பேசவே இல்லை. வேலை இருக்கும், சரி. ஆனால் ஒரு பழைய வரிப் பட்டியல் கிடைத்தால்கூட ராத்திரியில் என்னை எழுப்பிச் சொல்கிறவள் நீ. டென்னசியில் நம் நியூமன்ஸ் மலையில் எழுத்து அழிந்துபோன கல்லறைக் கல்லை விரலால் தடவித் தடவிப் படித்தாயே, இந்தக் குடும்பத்தில் வேறு யாருக்கு அந்தப் பொறுமை?

"நாம் போர்த்துக்கீசியர்" என்று பாட்டி சொல்லிக்கொடுத்ததற்காக அவள்மேல் கோபப்படாதே. மெலஞ்சன் என்பது நம்மைப் போன்ற கலப்பு வம்சத்து மலைக் குடும்பங்களுக்கு மற்றவர்கள் வைத்த பெயர்; அப்படி ஒருவரைக் கூப்பிட்டால் அடிதடியில் முடிந்த காலம் அது. 1834இல் எழுதிய டென்னசி அரசியல் சட்டம், அடிமையாக இல்லாத கறுப்பு, கலப்பு மக்களின் ஓட்டையும் பறித்தது. போர்த்துக்கீசியர் என்றால் ஓட்டு உண்டு, பள்ளிக்கூடம் உண்டு, செய்த கல்யாணம் செல்லும். பாட்டி பிறந்த லீ கவுண்டி வர்ஜீனியாப் பக்கம். அங்கே பிறப்புச் சான்றிதழ்களைக் கவனித்த அரசுப் பதிவாளர் பிளெக்கர், வெள்ளையர் என்று சொல்லிக்கொள்ளும் கலப்புக் குடும்பங்கள் இவை என்று 1943இல் கவுண்டிவாரியாகக் குடும்பப் பெயர்களை அச்சடித்து அதிகாரிகளுக்கு அனுப்பினார்: காலின்ஸ், கிப்சன், கோயின்ஸ், முல்லின்ஸ். நம் பெயரும் அதில் இருந்தது. பாட்டியின் பிறப்புச் சான்றிதழ் என் தகரப் பெட்டியில்தான் இருக்கிறது. முன்பக்கம் வெள்ளை என்று இருக்கும். பின்பக்கத்தில் அதை நம்பாதே என்று அச்சடித்த எச்சரிக்கை. சாகும்வரை அந்தப் பின்பக்கத்தை அவள் யாருக்கும் காட்டவில்லை.

ஆப்பிரிக்கா என்று வந்திருந்தால் அதில் பயப்பட ஒன்றுமில்லை. மெலஞ்சன் குடும்பங்களின் டிஎன்ஏ பற்றி 2012இல் வந்த ஆய்வும் அதைத்தானே சொன்னது? ஆண்வழியில் ஆப்பிரிக்கா, பெண்வழியில் ஐரோப்பா. 1662இல் வர்ஜீனியா போட்ட சட்டப்படி குழந்தைக்குத் தாயின் நிலைதான். தாய் வெள்ளைக்காரி என்பதால் அந்தக் குழந்தைகள் அடிமை ஆகவில்லை. ஆனாலும் 1691க்கு அப்புறம், கல்யாணமில்லாமல் பிறந்தவர்கள் முப்பது வயதுவரை பிறர் வீட்டில் கட்டுண்டு உழைக்கவேண்டும். அப்படி உழைத்து விடுபட்டவர்களின் பிள்ளைகள்தான் வட கரோலினா வழியாக நகர்ந்து நகர்ந்து இந்த மலைக்கு வந்து நிலம் வாங்கினார்கள். உன்னைப் பெற்ற வம்சம் அது. ஏதோ சதவீதக் கணக்கைப் பார்த்துவிட்டு நீ வாயை மூடிக்கொண்டால் எனக்குப் பொறுக்காது. இல்லை, நீ அப்படிப்பட்டவள் இல்லை. உடம்புக்கு முடியவில்லையோ என்னவோ. மாத்திரையை மறக்காதே.

மாப்பிள்ளை நல்லவர். அவர் அம்மாவும் நல்ல மாதிரிதான் தெரிகிறார். குழந்தை பிறக்கட்டும். மே மாதம் கல்லறைகளுக்குப் பூ வைக்கிற ஞாயிறன்று எல்லோரும் வாருங்கள். உன் மாமியாரையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வா. மேலே ஏற முடியாவிட்டால் அப்பா வண்டியில் கொண்டுபோய் விடுவார். கல்லில் இருக்கும் பெயர்களை நீயே அவருக்குப் படித்துக் காட்டு.

அன்புடன்,
அம்மா