பூவுக்குள் பாவு

அன்பு மகளுக்கு,

போன வாரம் போனில் கேட்டாயே, பூவின் நடுவே மகரந்தம் தாங்கி நிற்கும் மகரந்தத்தாளுக்கு இங்கிலீஷில் 'ஸ்டேமன்' என்று ஏன் பெயர் வந்தது என்று. நீ வீட்டில் விட்டுப்போன லத்தீன் அகராதியைப் புரட்டினேன். படித்ததும் தறியை விட்டு எழுந்துவிட்டேன். அது நம் வீட்டுச் சொல், பாப்பா. ஸ்டேமன் என்றால் பாவு இழை, தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டுகிற நூல்!

ஆனால் சொல்லின் வேர் 'நில்' என்று போட்டிருந்தது. அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. நம் குழித்தறியில் பாவு படுத்துத்தானே கிடக்கிறது? அப்புறம்தான் விளங்கியது. பழைய ரோமாபுரியில் தறி செங்குத்தாக இருந்திருக்கிறது. மேல் கட்டையிலிருந்து பாவைத் தொங்கவிட்டு, இழை விறைப்பாக நிற்க அடியில் களிமண் குண்டுகளைக் கட்டுவார்கள். நெய்கிறவர்களும் நின்றபடியேதான் நெய்தார்கள். இதை அம்மாவிடம் சொன்னேன். இழை பிணைத்துக்கொண்டிருந்தவள், "பாவம், கால் என்னத்துக்கு ஆகும்" என்றாள்.

கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோன ரோமானிய எழுத்தாளர் பிளினி, லில்லிப் பூவின் நடுவே நிற்கும் இழைகளுக்கு இந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார். பூவின் வடிவத்துக்கு அவர் சொன்ன உவமை, நூற்கிற பெண்கள் கம்பளி வைக்கும் கூடை. கூடைக்குள் பாவு! நூல் புழங்குகிற வீட்டைப் பார்த்தவருக்குத்தான் இப்படித் தோன்றும். 1735-இல் ஸ்வீடன் நாட்டுத் தாவர அறிஞர் லின்னேயஸ் செடிகளை 24 வகுப்புகளாகப் பிரித்தபோது பெரும்பாலும் இந்த இழைகளைத்தான் எண்ணினார். நாமும் காலமெல்லாம் இழை எண்ணுகிறவர்கள்தான், எனக்கு அவரை உடனே பிடித்துப்போய்விட்டது.

இன்னொன்று. ஓட்டக்காரர்களுக்கு 'ஸ்டாமினா' வேண்டும் என்கிறார்களே, அது இதே சொல்லின் பன்மை. மனிதரின் ஆயுளை மூன்று தேவதைகள் இழையாக நூற்கிறார்கள் என்பது ரோமானியர் நம்பிக்கை; அந்த ஆயுள் இழைதான் பிறகு தாக்குப்பிடிக்கிற வலுவுக்குப் பெயராகிவிட்டது.

காலையில் வேலியோரச் செங்காந்தளைப் போய்ப் பார்த்தேன். இதழ்கள் மேல்நோக்கி வளைந்திருக்க, ஆறு இழைகளும் நிற்காமல் பக்கவாட்டில் நீட்டிப் படுத்திருந்தன, நம் பாவு மாதிரியே. ஒன்றின் நுனியைத் தொட்டேன்; அசைந்து ஆடியது, விரலில் மஞ்சள் பொடி ஒட்டியது. அந்த மகரந்தப் பொடிக்கு இங்கிலீஷில் சொல்லும் 'பொலன்', லத்தீனில் நைசான மாவாம்.

கொடியில் இன்னும் நாலைந்து மொட்டு இருக்கிறது. சனிக்கிழமை பஸ் ஏறினால் பார்த்துவிடலாம். உன் லென்ஸை மறக்காமல் எடுத்து வா.

அப்பா