டிக்கெட் பணத்துக்கு ஒரு தனிக் கணக்கு வேண்டும்

மாண்புமிகு மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சருக்கும், விமானப் போக்குவரத்து இயக்குநரக அதிகாரிகளுக்கும் வணக்கம்.

அமெரிக்க இன்ஜின் தயாரிப்பாளரான பிராட் அண்ட் விட்னியின் பி.டபிள்யூ.1100ஜி இன்ஜின் பட்ட பாடும் படுத்திய பாடும் உங்களுக்குத் தெரியாததல்ல. விசிறிக்கும் டர்பைனுக்கும் நடுவே கியர் பெட்டி வைத்து எரிபொருளை மிச்சப்படுத்த வந்த இன்ஜின் அது. 2018 மார்ச்சில் அது பொருத்திய 11 விமானங்களைத் தரையில் நிறுத்தியது உங்கள் இயக்குநரகம்தான். 2023 ஜூலையில், டர்பைன் வட்டுகள் செய்த உலோகத் தூளிலேயே மாசு கலந்திருந்தது என்று தயாரிப்பாளரே ஒப்புக்கொண்டார். இன்ஜினைக் கழற்றிச் சோதித்துத் திரும்ப மாட்ட 300 நாள் வரை ஆகும் என்று செப்டம்பரில் சொன்னார். பாதுகாப்புக்காக நிறுத்துவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. எங்கள் பணம் எங்கே என்பதுதான் கேள்வி.

பயணி விமானம் ஏறும் வரை அவர் கட்டிய கட்டணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். நான் கேட்பது இது ஒன்றுதான்.

இந்த இன்ஜின்களால் பாதி விமானங்கள் முடங்கிவிட்டன என்று கூறி, கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் 2023 மே 2 அன்று திவால் மனு போட்டது. மறுநாளே விமானங்கள் ரத்து. பள்ளி விடுமுறை நேரம். ஸ்ரீநகருக்கும் லேவுக்கும் முன்கூட்டியே பணம் கட்டியிருந்த குடும்பங்களுக்குக் கட்டிய பணமும் திரும்பி வரவில்லை. வேறு டிக்கெட் எடுக்கலாம் என்றால் கட்டணம் எகிறியிருந்தது. ஜூனில் அமைச்சகம் மற்ற நிறுவனங்களை அழைத்து, கட்டணத்தை நீங்களே கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள் என்று அறிவுரை சொன்னது. நல்ல அறிவுரை. பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி இயக்குநரகமும் உத்தரவிட்டது. ஆனால் திவால் விசாரணை நடக்கும்போது நிறுவனத்திடமிருந்து கடனையோ சொத்தையோ யாரும் மீட்கக் கூடாது என்ற திவால் சட்டத்தின் தடை குறுக்கே நின்றது. இணையத்தில் படிவம் நிரப்பிக் கடன் கொடுத்தவர்களோடு வரிசையில் நிற்கச் சொன்னார்கள். ஊருக்குப் போக டிக்கெட் எடுத்தவர் யாருக்கு ஐயா கடன் கொடுத்தார்?

விமானங்களை வாடகைக்கு விட்டவர்கள் கதை வேறு. 2023 அக்டோபரில் விமானங்களுக்கும் இன்ஜின்களுக்கும் அந்தத் தடையிலிருந்து விலக்கு வந்தது. உரிமையாளர்கள் விமானங்களைத் திரும்ப எடுத்துக்கொள்ள வசதியாக, 2024 ஏப்ரலில் 54 விமானங்களின் பதிவை ஐந்து வேலை நாளுக்குள் நீக்கச் சொன்னது டெல்லி உயர் நீதிமன்றம். 2025இல் அவர்கள் உரிமையைக் காக்கத் தனிச் சட்டமே வந்துவிட்டது. அரசு நினைத்தால் எவ்வளவு வேகமாக நடக்கிறது! நிறுவனத்தைக் கலைக்க 2025 ஜனவரியில் உத்தரவானது. பயணியின் கையில் படிவத்தின் நகல் இருக்கிறது.

கிங்ஃபிஷர் 2012இல் நின்றது, ஜெட் ஏர்வேஸ் 2019இல் நின்றது. பாடம் படிக்க இன்னும் எத்தனை நிறுவனங்கள் மூழ்க வேண்டும்? சீட்டு நடத்துகிறவர்கூட சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையைப் பதிவாளரிடம் காட்ட வேண்டும் என்று 1982ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. விமான நிறுவனமோ அடுத்த தீபாவளிக்கான பணத்தை இன்றே வாங்கி இன்றைய எரிபொருளுக்குச் செலவழிக்கலாம்.

சொல் தடித்திருந்தால் பொறுத்தருள வேண்டும். பயணி விமானம் ஏறும் வரை கட்டணத்தைத் தனிக் கணக்கில் வைக்கவும், விமானம் ரத்தானால் அந்தக் கணக்கிலிருந்தே பயணிக்குத் திருப்பித் தரவும் விதி வகுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு விமானப் பயணி